பூவாத்தாள் வந்த பெட்டி

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் தனபாலுக்கு ரயில் கிறுக்குப் பிடித்தது ஒரு மாட்டுத் தொட்டியால்.

பழைய இரும்பு விலைக்குப் பார்க்கலாமென்று கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தான். அங்கே எருமை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இரும்புத் தொட்டியின் அடியில் சக்கர அச்சு மாட்டுகிற காது இருந்தது. அது தொட்டியே இல்லை, வண்டி. மலையடியிலிருந்து வெள்ளைக்கல் ஏற்றிக்கொண்டு சேலம் கூட்ஸ் செட் வரைக்கும் ஒரு காலத்தில் ஓடிய சின்ன ரயிலின் வண்டி. கல் கம்பெனியை மூடி எத்தனையோ வருசமாயிற்று. தண்டவாளம் சுற்றுப்பட்டு வீடுகளுக்கு உத்திரமாகிவிட்டது, எஞ்சின் காயலான் கடையில் கரைந்தது, வண்டிகளில் மாடு தண்ணீர் குடிக்கிறது. பார்த்துவிட்டு இரும்பு வியாபாரத்தை முடித்தானா மனுசன்? ‘அட, எங்கம்மா கல்யாணத்துக்கு வந்த ரயிலாச்சே!’ என்று எருமையை விரட்டிவிட்டு டேப்பை விரித்துவிட்டான்.

அம்மா பூவாத்தாள் ரயிலில் வந்த கதை தெரியாதவர்கள் அந்தச் சொந்தத்தில் யாருமில்லை. அவளுடைய அப்பா கல் கம்பெனியில் பெரிய மேஸ்திரியாம். அவர் மகள் கல்யாணத்துக்குக் கம்பெனியே தனிப் பெட்டி விட்டதாம். சிவப்பு மெத்தையாம், கண்ணாடி ஜன்னலாம். அதில் மகாராணி மாதிரி வந்து இறங்கி, மோகனூர் கோயிலில் சின்னுசாமிக்குக் கழுத்தை நீட்டினாளாம். அவளுக்கு இரண்டு வருசம் கழித்து சின்னுசாமியின் தம்பியைக் கட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் வந்து இறங்கியவள் வள்ளியாத்தாள். ஓரகத்தியின் ரயிலைக் கேட்டுக் கேட்டே அவளுக்குக் காது தேய்ந்துவிட்டது. பந்தியில் அப்பளம் உடைந்து வந்தால்கூட, “ரயில்ல வந்தவளுக்கு உடைஞ்ச அப்பளமா?” என்று பூவாத்தாள் சத்தம் போடுவாள். வாயடைத்துப் போவது வள்ளியாத்தாள்தான்.

அந்த ரயிலை அடிக்கு ஒரு அங்குலம் என்ற கணக்கில் அப்படியே செய்துவிடுவது என்று தனபால் கிளம்பினான். கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிற்று. எஞ்சின் கறுப்பு என்றார் ஒருத்தர். பச்சை என்று சத்தியம் செய்தார் அவருடைய தம்பி. துருவுக்கு ஏது கலர் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஏழெட்டுத் தோட்டத்தில் தொட்டிகளை அளந்தான், ஒன்றுக்கொன்று சேரவில்லை. குடியானவன் சும்மா இருப்பானா, கன்றுக்குட்டிக்கு எட்டவில்லையென்று வெட்டியிருக்கிறான், கிடாரிக்குப் போதவில்லையென்று பற்றவைத்திருக்கிறான். எல்லாவற்றையும் ஒருவாறு சமாளித்துப் பாடித் தகட்டில் வண்டிகளைச் செய்து, லாரி வைப்பர் மோட்டாரைப் போட்டு எஞ்சினையும் ஓட்டிவிட்டான். பெட்டியில்தான் வந்து மாட்டிக்கொண்டான்.

அந்த ரயிலில் பிரேக் போடும் ஆளாக இருந்த சென்றாயன் என்கிற கிழவரை மலையடியில் தேடிப் பிடித்து, கல்யாணப் பெட்டி எத்தனை அடி நீளம் என்று கேட்டான்.

“பெட்டியாவது கிட்டியாவது! கல்லு வண்டிய உட்டா அதுல வேற எதுவும் கிடையாது, சாமி.”

“எங்கம்மா அதுலதானுங்க கல்யாணத்துக்கு வந்தாங்க. பூவாத்தாள்னு பேருங்க.”

கிழவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “உங்கம்மா நல்லா இருக்குதா?” என்று கேட்டார். “அப்ப அதையே போய்க் கேளு” என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கேட்டான். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் மிஞ்சிற்று. முதல்நாள் ஜன்னல் நாலு என்றாள் அம்மா. மறுவாரம், “ஜன்னலா? எங்கடா இருந்துச்சு, ஒரே கும்மிருட்டு” என்றாள். நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் என்றாள். இறங்கும்போது முடியெல்லாம் வெள்ளையாகிவிட்டது என்றாள். ஜன்னல் இல்லாமல், நிமிர முடியாமல், மெத்தை மட்டும் போட்ட பெட்டி உலகத்தில் எங்கே இருக்கிறது? தனபால் வரைந்தான், அழித்தான், மறுபடி வரைந்தான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

“ஏனுங்க, அத்தைகிட்ட இதுக்கு மேல கேக்காதீங்க. நீங்க பெட்டின்னாலே அவங்க மூஞ்சி சுண்டிப் போவுது” என்றாள் மனைவி வசந்தாமணி.

விசயம் என்னவென்றால், திருச்செங்கோட்டு இன்ஜினியரிங் காலேஜ் கண்காட்சியில் ரயிலை வைக்க அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். சொந்தபந்தம் மொத்தமும் வேன் பிடித்து வருகிறது. முதல் ஆளாக வேனில் இடம் பிடித்தது வள்ளியாத்தாள். பெட்டி இல்லாமல் ரயில் ஓடினால் இந்த வயசில் அம்மா அத்தனை பேர் முன்னால் பொய்க்காரி ஆகிவிடுவாள். பெட்டியை மாட்டினாலோ, ஆறு மாதம் நாயாக அலைந்து அளந்த அளவெல்லாம் பொய். அளவில்லாமல் ஒரு ரிவெட் அடிக்காதவன் தனபால். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்து, கடைசியில் அம்மாதான் பெரிதென்று முடிவு செய்தான். சிவப்புப் பெயிண்ட், நாலு கண்ணாடி ஜன்னல், உள்ளே வெல்வெட் மெத்தை. பெட்டி என்னவோ அழகாகத்தான் வந்தது. அதைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

கண்காட்சியில் ரயில் சுற்றி வந்தது. எஞ்சின், பின்னால் கல் வண்டிகள், வாலில் சிவப்புப் பெட்டி. வள்ளியாத்தாள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கடைசி நம்பிக்கையும் போய்விட்டது, பாவம்.

சேலத்திலிருந்து வந்திருந்த ரயில் ஆர்வலர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “வண்டியெல்லாம் பிரமாதம். அந்தப் பெட்டிக்கு என்னங்க ஆதாரம்?” என்று கேட்டார்.

தனபால் மென்று விழுங்கினான். “இருந்ததுங்க… பெரியவங்க சொன்னதுங்க.”

“இப்பிடியொரு பெட்டிய நாங் கண்டதே இல்லியே” என்றார் சென்றாயன். கிழவரையும் தனபால்தான் மரியாதைக்கு அழைத்திருந்தான். வேண்டுமா இது அவனுக்கு!

ஆர்வலர் உதட்டைப் பிதுக்கினார். “ஆராய்ச்சின்னு நெனச்சேன். பொம்மையாப் பண்ணிட்டீங்களே.”

தனபாலுக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை வேலையும் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. யாரைக் கைகாட்டிப் பதில் சொல்வான்?

நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூவாத்தாள் எழுந்து வந்தாள். ரயிலை நிறுத்தச் சொன்னாள். கையை விட்டுச் சிவப்புப் பெட்டியைக் கழற்றி மேசை ஓரமாக வைத்தாள்.

“இது எம்மவன் எனக்கோசரம் பண்ணுனதுங்க. ரயில்ல இது இல்ல. மத்ததெல்லாம் அவன் அளந்தது அளந்தபடி இருக்குது, ஒரு கொறை சொல்ல முடியாது” என்றாள் ஆர்வலரிடம். பிறகு நடுவிலிருந்த கல் வண்டியைத் தொட்டாள். “நான் வந்தது இதுல.”

“அம்மா?” என்றான் தனபால்.

“எங்கப்பன் மேஸ்திரியுமில்ல, மண்ணுமில்ல. நாங்க குடும்பத்தோட கல்லு ஒடைச்சோம். என்னையக் கிழவன் ஒருத்தனுக்கு ரெண்டாந்தாரமாப் பேசிட்டாங்க. உங்கப்பன் அந்தக் கல்ல லாரில ஏத்திட்டுப் போக வருவாரு. ‘கல்லோட கல்லா வந்துரு, சேலம் கூட்ஸ் செட்டுல நிக்கறேன்’னு சொன்னாரு. கல்லு மேல படுத்தேன், தார்ப்பாயப் போட்டு மூடிட்டாங்க. மூச்சு உட முடியல. கண்ணாலமே மறுநாத்தான் நடந்துச்சு. உங்கப்பன் ஊட்டுல மானத்துக்குப் பயந்து, பொண்ணு தனிப் பெட்டில வந்துச்சுன்னு சொல்லிட்டாங்க. நானும் அதையே புடிச்சிக்கிட்டேன்.”

“அந்த வண்டியில்ல ஆத்தா, கடைசி வண்டி” என்றார் சென்றாயன். “தார்ப்பாயக் கட்டுனதே நாந்தான.”

அம்மாவின் கையைப் பிடிப்பதா, கிழவரின் காலில் விழுவதா என்று தெரியாமல் தனபால் நின்றான். பிறந்ததிலிருந்து அவன் கேட்டு வந்தது அந்தச் சிவப்பு மெத்தைக் கதையை. இத்தனை நாள் யாருக்கு மகனாக இருந்தோம் என்றே அவனுக்குப் பிடிபடவில்லை. அதற்குள் எல்லோர் கண்ணும் வள்ளியாத்தாள் பக்கம் திரும்பிவிட்டது. இந்த ஒரு நாளுக்காகத்தானே அவள் காலமெல்லாம் காத்திருந்தாள்? இனி அவள் வாயில் விழுந்து எழ முடியுமா என்று வசந்தாமணி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வள்ளியாத்தாள் மெல்ல வந்து அந்தக் கடைசி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நிஜ வண்டியில் ஒரு ஆள் சுருண்டு படுக்கத்தான் இடமிருந்திருக்கும்.

“இதுக்குள்ள ஒண்டியாவா வந்தீங்க, அக்கா?” என்றாள். “பயமா இல்லீங்களா?”

பூவாத்தாளுக்கு உதடு கோணிக்கொண்டது. “பயந்து செத்தேன், வள்ளி” என்று சொல்லி, எத்தனையோ வருசமாக வம்பிழுத்த ஓரகத்தியின் தோளில் சாய்ந்து அழுதாள்.

ஜன்னல் எத்தனை, நீளம் எத்தனை, கதவு எந்தப் பக்கம் என்று ஆறு மாதம் அம்மாவைத் துளைத்தெடுத்த தனபாலுக்கு, வள்ளியாத்தாள் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.