நூறு மில்லிமீட்டர் கோடு

சனிக்கிழமை காலையானால் அந்த வீட்டில் யாரும் அதிர்ந்து நடக்கக் கூடாது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு இசைத்தட்டு சுற்றும் டர்ன்டேபிளின் மேல் கவிழ்ந்து கிடப்பார். ஆக, இந்தச் சட்டம் முழுக்க முழுக்க அவர் மனைவிக்காகப் போட்டது. ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளைத் தளர்த்துவார், மூச்சை அடக்குவார், மயிரிழை நகர்த்துவார், பூதக்கண்ணாடியில் பார்ப்பார், மறுபடி முடுக்குவார். கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு பெட்டியைக் கோணாமல் மாட்ட அவருக்கு மூன்று வாரம் பிடித்தது. மூளை ஆபரேஷன் செய்கிறவர்கள்கூட இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டார்கள்.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை அவருக்கு. நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் 'தங்கக் காது'. கேலிக்கு வைத்தார்களா என்று அவர் விசாரிக்கவேயில்லை, வந்ததை வாங்கி மாட்டிக்கொண்டார். அந்தக் காதில் மனைவி கூப்பிடுவது மட்டும் மூன்றாவது தடவைதான் விழும்.

அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பேட்டர்ன் மாஸ்டர். சட்டை, கால்சட்டை எதுவானாலும் அவள் தாளில் போட்டுத் தரும் அளவை வைத்துத்தான் ஆயிரக்கணக்கில் துணி வெட்டுவார்கள். வீட்டிலும் அதற்கென்று ஒரு பிரிண்டர் வைத்திருந்தாள். அவர் அதைத் 'துணி கத்தரிக்கிற வேலை' என்பார். அவள் அவருடையதைத் 'தட்டு சுத்துற வேலை' என்பாள், மனதுக்குள்.

இந்த முறை மட்டும் அவள் அந்த அலட்டலைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. சுற்றப்போகும் தட்டு அவளுடையது. அவளுக்கு ஒரு வயது ஆனபோது அம்மா ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், தானே கட்டிய தாலாட்டைப் பாடினாள். பாடப் பாடக் குரலை அங்கேயே தட்டில் வெட்டிக் கையில் கொடுத்துவிட்டார்கள். அதற்கு வேறு பிரதி கிடையாது. மூன்று வருடத்தில் அம்மா போய்விட்டாள். சித்தி அந்தத் தட்டை நாற்பது வருடம் பீரோவில் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே வைத்திருந்து போன மாதம்தான் கொண்டுவந்து தந்தாள்.

"ஸ்டுடியோக்காரர் அன்னிக்கே சொன்னாரும்மா. இது மெழுகு மாதிரி, ஊசி கொஞ்சம் கோணினாலும் சுரண்டிடும். நல்ல ஊசியா பாத்து, அஞ்சாறு தடவை போடலாம், அவ்வளவுதான்" என்று சித்தி எச்சரித்திருந்தாள். அவளே அன்று ஸ்டுடியோவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். "கடைசி வரியில உன்னைக் கூப்பிடுவா பாரு, 'சின்னக்குட்டி'ன்னு. அப்படியே ஒரு சிரிப்பு."

அம்மாவின் குரல் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

முதல் முறை போட்டபோது மெல்லிய குரல் ஒன்று அறைக்குள் வந்தது. பாட்டு தட்டின் உள்வட்டத்தை நெருங்கியபோது ஒரு கரகரப்பு தலைகாட்டியது. 'சின்னக்குட்டி'யில் முதல் எழுத்து கிழிந்து வந்தது. பின்னாலேயே அந்தச் சிரிப்பு, தெளிவாக.

தங்கக் காது கண்ணை மூடித் தீர்ப்பு சொன்னார். "செட்டிங்ல ஒரு தப்பும் இல்ல. மூணு வாரம் உக்காந்திருக்கேன். உங்கம்மாவுக்கு 'ச' சரியா வரல. பல்லு எடுப்பா இருந்திருக்கும்."

முகம்கூட நினைவில்லாத அம்மாவுக்கு எடுப்பான பல் வைத்துவிட்டார் அந்த மனிதர், அதுவும் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டே. தட்டை உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பூட்டவில்லை. பூட்டியிருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை சித்தி வந்தாள். பல் விஷயத்தைக் கேட்டதும் உட்காரக்கூட இல்லை.

"யாருக்குப் பல்லு எடுப்பு? எங்கக்கா டெலிபோன் ஆபீஸ்ல வேலை பாத்தவ மாப்பிள்ளை! அவ பேசினா கண்ணாடி மாதிரி இருக்கும். 'ச' வராதவளை அங்க சேத்துக்குவாங்களா?"

"நீங்க பாசத்துல பேசறீங்க சித்தி. நான் டெக்னிக்கலா பேசறேன்" என்றார் அவர், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "இருங்க, போட்டே காட்டிடறேன்."

தட்டை வைப்பதற்கு முன் ஊசியை மறுபடி சரிபார்க்கப் போவதாக அறிவித்தார். அளவுத்தாள் தேடினார். கார்ட்ரிட்ஜை எந்தக் கோட்டுக்கு நேராக வைக்க வேண்டும் என்று காட்டும் தாள் அது. இணையத்திலிருந்து எடுத்து அவளுடைய பிரிண்டரில்தான் அச்சடித்திருந்தார். அது சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடிக்கு அடியில் கிடந்தது. வைத்தவள் அவள்தான். அவர் சம்பந்தப்பட்ட காகிதத்துக்கு அந்த மரியாதை போதும் என்று வைத்திருந்தாள்.

ஜாடியைத் தூக்கியபோதுதான் முதல்முறையாக அந்தத் தாளை உற்றுப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு கோடு. அதன் கீழே, 'இந்தக் கோட்டை அளந்து பார்க்கவும்: 100 மி.மீ.'

தொழிற்சாலையில் புதிதாக வரும் பெண்ணுக்கு அவள் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். தாளில் இருக்கும் சோதனைக் கட்டத்தை அளக்காமல் கத்தரியைத் தொடக் கூடாது. பிரிண்டர் தன் இஷ்டத்துக்குத் தாளுக்குள் அடக்கிச் சுருக்கிவிடும். அளக்காமல் வெட்டினால் மொத்தச் சரக்கும் குழந்தைகளுக்குத்தான் ஆகும்.

கைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தாள்.

"தொண்ணூத்தி நாலு."

"என்னது?"

"நூறு இருக்க வேண்டிய கோடு தொண்ணூத்தி நாலு இருக்கு. தாள் சுருங்கி வந்திருக்கு. இதை வெச்சா மூணு வாரமா அளந்தீங்க?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை. "ஆறு மில்லிதானே. அதுல என்ன பெரிய..."

"மயிரிழைக்கு மூச்சை அடக்கினீங்களே!"

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு கேட்டது.

அவளே சரியான அளவில் அச்சடித்து, அளந்து, கொண்டுவந்து வைத்தாள். அவர் முக்கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் வேலை செய்தார். அந்த வீட்டில் அது புதுமை. முதலில் அவருடைய புதுத் தட்டு ஒன்றைப் போட்டார்கள். உள்வட்டம் வரைக்கும் பளிச்சென்று வந்தது, ஒரு பிசிறு இல்லை. சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கிட்டே போய் உட்கார்ந்தார்கள்.

அம்மாவின் தட்டு சுற்ற ஆரம்பித்தது. தொடக்கம் இதமாக இருந்தது. நடுவில் குரல் தெளிவாகவே வந்தது. கடைசி இரண்டு வரியும் கிழிந்து வந்தன. 'சின்னக்குட்டி' வெறும் இரைச்சலாகப் போயிற்று. சிரிப்பு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

தங்கக் காது நிமிர்ந்தார். போன உயிர் திரும்பி வந்துவிட்டது அவருக்கு. "பாத்தியா? இப்ப செட்டிங் கரெக்ட். அப்பவும் அதேதான் வருது. கோளாறு தட்டுலதான்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

அவள் மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்கு ஒரே ஒரு எழுத்துதானே கிழிஞ்சு வந்தது. நான் வேலைக்குப் போனப்புறம் போட்டீங்களா?"

"போடாம? நிரூபிக்க வேண்டாமா? உன் முன்னால போட்டதையும் சேத்து ஒன்பது தடவை போட்டிருக்கேன். எல்லாம் குறிச்சு வெச்சிருக்கேன்." பெருமையாக நோட்டை எடுத்து நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "சித்திக்குக் கண்ணு சரியா தெரியாது. நீங்களே படிங்க. சத்தமா."

பிரசங்கம் செய்யக் கிடைத்த வாய்ப்பை அவர் என்றைக்கு விட்டிருக்கிறார்? கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

"முதல் தடவை. 'சின்னக்குட்டி'யில் முதல் எழுத்து மட்டும் பிசிறு. சிரிப்பு தெளிவு. ரெண்டாவது. அதே சொல், கொஞ்சம் கூடுதல். மூணாவது. அந்தச் சொல் முழுக்க. நாலாவது. சிரிப்பிலும் பிசிறு. அஞ்சாவது. கடைசி வரி முழுக்க..."

ஆறாவதைப் படிக்கும்போது குரல் இறங்கியது. ஏழாவதை வாய்க்குள் படித்தார். எட்டும் ஒன்பதும் கண்ணால் மட்டும் படித்தார். நோட்டு கையிலேயே நின்றது.

சித்தி, சுற்றிக்கொண்டிருந்த தட்டையே பார்த்தாள்.

"இப்ப... என்னம்மா பண்றது?" என்றார் அவர். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவளிடம் அவர் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டுக்கொண்டே தட்டை எடுக்கக் கையை நீட்டினார்.

"கையை எடுங்க" என்றாள் அவள்.