ஞாயிற்றுக்கிழமை டயர்

எங்கள் ஐஃபெல் மலையில் அக்டோபர் வந்தால் குளிர்கால டயர், ஈஸ்டர் போனால் கோடை டயர். ஊருக்கே மாற்றிப் போடுகிறவன் நான், டயர்க்கடை கெரியோன். அந்த அக்டோபரில் என் காருக்கு மட்டும் மாற்றவில்லை. நூர்பர்க் ரிங் பந்தயத் தடத்தில் ஓட்ட இன்னும் ஒரு ஞாயிறு மிச்சமிருந்தது. அங்கே ஓட்டுகிற நாங்கள் பந்தயத் தடத்து டயரிலேயே வீட்டிலிருந்து ரிங்குக்குப் போவோம், அதிலேயே திரும்புவோம். சட்டம் அனுமதிக்கிறது. அதற்கு மேல் யோசிக்காத கெட்டிக்காரர்கள் நாங்கள்.

ஞாயிறு நல்ல வெயில். எட்டுச் சுற்று ஓட்டினேன். சூடேறிய டயர் தாரைக் கவ்விக்கொண்டு ஓடியது. தலைகால் தெரியாத சந்தோஷத்தோடு வீடு வந்தேன்.

திங்கள் காலை மழை, நான்கு டிகிரி குளிர். பக்கத்து வீட்டிலிருந்து அக்கா மார்லீஸ் பையோடு ஓடி வந்தாள். அவள் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பவள்.

"டேய், என் வண்டி பேட்டரி செத்துப்போச்சு. யானாவுக்கு வலி எடுத்துடுச்சு. ரெண்டாவது குழந்தை, காத்திருக்காது. வேன் சாவியைக் குடு."

"வேனா? அது ஆமை. காரை எடுத்துக்கோ."

"மழையில டயர் தாங்குமாடா?"

"உன் வண்டி டயரை விட மூணு மடங்கு விலை. சட்டப்படி எங்க வேணா ஓட்டலாம்."

"பெருமை பீத்திக்காதே," என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

காபியை வாயில் வைத்தபோதுதான் உறைத்தது. ரிங்கில் முதல் சுற்றை நாங்களே பயந்து பயந்துதான் ஓட்டுவோம். சூடேறும்வரை அந்த டயருக்குப் பிடிப்பு கிடையாது. தண்ணீரை வெளியே தள்ள அதில் போதுமான கோடுகளும் இல்லை. கடைக்கு வருகிறவனிடம் தினமும் சொல்கிறேன். கூடப் பிறந்தவளிடம் சொல்லவில்லை.

போன் செய்தேன். எடுக்கவில்லை. வேனைக் கிளப்பினேன்.

காட்டு வளைவில் ஈர இலைகள் சாலை முழுக்கக் கிடந்தன. என் கார் பள்ளத்தில் இறங்கி மரத்தில் மோதி நின்றது. கதவு திறந்திருந்தது, உள்ளே யாருமில்லை. "மார்லீஸ்!" என்று கத்தினேன். மரத்தைச் சுற்றி ஓடித் தேடினேன். அப்படியொரு பயத்தை எந்த வேகத்திலும் நான் உணர்ந்ததில்லை.

போன் அடித்தது. அவள்தான்.

"உயிரோடதான் இருக்கேன். பால் லாரிக்காரர் யானா வீட்ல இறக்கிவிட்டார். வா."

நான் போனபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. யானாவின் கணவன் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். மார்லீஸின் வலது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. வந்திருந்த ஆம்புலன்ஸில் தாயையும் பிள்ளையையும் ஏற்றி அனுப்பிய பிறகுதான் அவள் என் வேனில் ஏறினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதி வழியில் கேட்டாள்.

"காலையில நான் என்னடா கேட்டேன்?"

"மழையில டயர் தாங்குமான்னு."

"நீ என்ன சொன்னே?"

"விலையைச் சொன்னேன்."

அவள் தன் கையைப் பார்த்தாள்.

"இந்தக் கையால முடியலைன்னு யானா புருஷன்தான் குழந்தையை ஏந்தினான். அவன் கையில வழுக்கிடுச்சுடா. நல்லவேளை, மெத்தையில விழுந்துது. நான் பக்கத்துலயேதான் நின்னேன். பிடிக்க எனக்குக் கை இல்லை."

அதே வளைவு வந்தது. என் கார் பள்ளத்தில் கிடந்தது. குளிர்கால டயர் போட்ட ஆமை வேன் கொஞ்சமும் வழுக்காமல் திரும்பியது.