இரண்டு டப்பா நாற்று

மூன்றாவது நாற்றும் சாய்ந்துவிட்டது.

தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்பூனை மண்ணுக்குள் விட்டாள். தண்டின் அடி நூலாய் இளைத்திருந்தது. மண்மேல் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூஞ்சை. பரவினால் மொத்தமும் காலி. சாய்ந்ததை மண்ணோடு அள்ளிக் குப்பையில் கொட்டினாள். டப்பா மூடிகளைப் பிடுங்கி எறிந்தாள். டேபிள் ஃபேனை இழுத்து வைத்தாள்.

தப்பு அவளுடையதுதான். பாசம் பொங்கி வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். நாற்பது வயதுவரை ஒரு விதை போட்டதில்லை. ஈர டிஷ்யூவில் மிளகாய் விதையை மடித்து, ஃபிரிட்ஜ் தலையில் கதகதப்பாக வைத்து, ஒன்பதாம் நாள் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தபோது, பாதி தைத்த சட்டையோடு உட்கார்ந்து அழுதுவிட்டாள். வெளிச்சம் தேடி ஒட்டடைக்குச்சியாக நீண்ட நாற்றுகளுக்குத் தையல் மெஷின் விளக்கையே தாழ்த்திக் கட்டினாள்.

இப்போது மிச்சம்: இடது டப்பாவில் இரண்டு, வலதில் ஒன்றே ஒன்று. இரண்டு டப்பாவிலும் தலைக்கு ஒரு செடியாவது பிழைத்தாக வேண்டும். இல்லையென்றால் கொழுந்தனின் முகமூடியைக் கிழிக்க முடியாது.

அவள் கணவன் பஸ் ஓட்டியவன். ஷிஃப்ட் முடிந்தால் மொட்டைமாடியே கதி. பத்து வருஷம் மல்லுக்கட்டி ஒரு ஆரஞ்சு மிளகாயைக் கொண்டுவந்தான். முதலில் இனிக்கும், அப்புறம் காதில் புகை வரும். அவன் மாரடைப்பில் போன மறுவாரமே, செல்போன் கடைக்காரத் தம்பி வேனோடு வந்து செடி, பழம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனான். செடிகள் அவன் கைபட்டு ஒரே மாதத்தில் செத்தன. பழத்தின் விதையோ பாக்கெட்டில் பறக்கிறது. மேலே அவன் சிரிப்பு, அவன் போன் நம்பர், 'என் பத்து வருட உழைப்பு'.

தப்பியது, அவள் பட்டன் டப்பாவுக்குள் கிடந்த இரண்டு கவர் விதை மட்டும்.

காலிங் பெல். அவனேதான்.

"என்ன அண்ணி, வீட்டுக்குள்ளயே விவசாயமா? அண்ணன் மிளகாயா?" குரலில் தேன் வழிந்தது. கண் டப்பாவை மேய்ந்தது.

"பொழுது போகல தம்பி."

"போட்டிக்குக் கடை விரிக்கப் போறீங்களோன்னு பயந்துட்டேன்!" வலது டப்பாவைத் தூக்கி, ஒற்றை நாற்றின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து விளக்கில் காட்டினான். அவள் டப்பாவுக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்தினாள்.

"மெதுவா தம்பி..."

"இலையெல்லாம் பூனைமுடி. அண்ணன் செடி இப்படியா இருக்கும்?" இடது டப்பாவை எட்டிப் பார்த்தான். "இது அட்டக்கறுப்பு! யாரோ உங்க தலையில நல்லா மிளகா அரைச்சுட்டாங்க அண்ணி!" விரல்களை விட்டான். நாற்று ஆடி நின்றது.

"எனக்கு என்ன தெரியும் தம்பி?"

"ஒரிஜினல் என்கிட்டதான். ஊரே விதைச்சாச்சு. காய்ச்சதும் டிவிக்காரங்க பேட்டி எடுக்க வர்றாங்க. நீங்களும் வாங்க, முன்வரிசை!"

"கட்டாயம் வரேன். பாக்கெட்ல உங்க நம்பர் சரியா இருக்குல்ல?"

"பின்னே? கொட்டை எழுத்துல!"

சிரித்துக்கொண்டே போனான். அவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து, பூனைமுடி நாற்றுக்கு ஒரு ஊசியை முட்டுக்கொடுத்து நூலால் தளர்வாகக் கட்டினாள். பிழைத்துக்கொள்ளும்.

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இரண்டுமே அந்த மிளகாய் இல்லை. கறுப்பு, தாய். பூனைமுடி, தகப்பன். தாயின் பூவில் தகப்பனின் மகரந்தத்தை பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் வரும் விதையில்தான் ஆரஞ்சு மிளகாய் பிறக்கும். ஒவ்வொரு வருஷமும் புதிதாகத் தொட்டு வைக்க வேண்டும். ஆரஞ்சுப் பழத்தின் விதையைப் போட்டால், செடிக்குச் செடி ஒவ்வொரு தினுசாகக் காய்த்துச் சந்தி சிரிக்கும். கணவன் இதை அவளிடம் மட்டுமே சொல்லியிருந்தான்.

அன்றைக்கு வேன் கிளம்பியபோது, கொழுந்தன் மறந்துவிட்டுப் போன பழக்கூடையோடு பின்னாலேயே ஓடி, கையசைத்து வண்டியை நிறுத்தி, "விதை இதுலதான் தம்பி இருக்கு" என்று ஏற்றிவிட்டவளே அவள்தான்.