நாற்பத்தொரு கதைகளின் கடைசி வரி

தீசா ஆற்றங்கரையில் உள்ள பெச்சேய் ஊர் மருந்துக் கடையில் இருபது வருடமாக மாத்திரை எடுத்துக் கொடுத்துவந்த விதோசவாவுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. ஊரில் எவருக்கும் அது தெரியாது. பெட்டிக் கடைகளில் சிகரெட்டுக்கும் செய்தித்தாளுக்கும் நடுவே தொங்கும் மலிவு விலைக் காதல் நாவல்களின் அட்டையில், பொன்னிறக் கூந்தல்காரியின் தலைக்கு மேல் ஓர் ஆங்கிலப் பெயர் அச்சாகியிருக்குமே, அது இவளுடையதுதான். பதினொரு வருடத்தில் நாற்பத்தொரு நாவல்.

டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்து அவள் கையெழுத்தும் அப்படியே ஆகிவிட்டிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதர் அவள் கணவர் கவ்ரிலோ. மாவு ஆலை அலுவலகத்தில் குமாஸ்தா. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவள் எழுதியதைத் தட்டச்சு செய்து, நோவி சாட் நகரத்துப் பதிப்பகத்துக்குத் தபாலில் அனுப்பிவிடுவார். நன்றாயிருக்கிறது, இல்லை என்று ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அச்சான புத்தகம் வந்தால் விதோசவா பிரித்தும் பார்க்கமாட்டாள். மென்று துப்பியதை மறுபடி மெல்வானேன் என்று அலமாரி மேல் போட்டுவிடுவாள்.

அந்த வருடம் பதிப்பாசிரியன் திஹோமிர் அவளைத் தேடி நேரிலேயே வந்தான். கெட்டி அட்டை போட்ட புத்தகம், சொந்தப் பெயரில், நிதானமாக எழுதிக் கொடுங்கள் என்றான். ஏழு மாதம் எழுதினாள். கதாநாயகி, படகுத் துறையில் சீட்டுக் கிழிக்கும் ஸ்தானா, நாற்பத்தேழு வயது வரை தனியாய் இருந்தவள். சரக்குப் படகோட்டி லாசார், பதினாறு வருடம் கழித்துத் திரும்பி வருகிறவன். கதை முடிகிற சமயம் பார்த்து கவ்ரிலோ செர்ரி மரத்தில் ஏறினார். கிளை முறிந்தது, வலது கையும் இரண்டு இடத்தில் முறிந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரி. தோளிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு. வேறு வழியில்லாமல் விதோசவா இரண்டே விரலால் தட்டித் தட்டித் தானே முடித்து அனுப்பினாள்.

கவ்ரிலோ வீடு திரும்பிய மறுநாள், மருந்துக் கடைக்குத் தொலைபேசி வந்தது.

"அக்கா, திஹோமிர் பேசறேன். படிச்சு முடிச்சுட்டேன். ஸ்தானா என் மனசை விட்டுப் போகவே மாட்டேங்கறா. ஆனா அந்தக் கடைசி வரி... கோவிச்சுக்காதீங்க. அதை நீங்கதான் எழுதினீங்களா?"

"பின்னே, எங்க கடைப் பூனையா எழுதிச்சு?"

"'தீசா ஆற்றின் மேல் சூரியன் பொன்னாய்ச் சாய, இருவரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர்.' இதைப் போயி நீங்களா! உங்க கடைசி வரிக்குன்னே ஒரு கூட்டம் இருக்குக்கா. கடையிலேயே கடைசிப் பக்கத்தைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கறாங்க. அந்தக் கதவு வரி மாதிரி ஒண்ணு குடுங்க."

"எந்தக் கதவு?"

"விளையாடாதீங்க. 'கதவைச் சாத்து, குளிர் உள்ளே வருகிறது என்றாள். அவன் உள்ளே வந்து சாத்தினான்.' ஒரு தடவை சண்டை போட்டுட்டு வாசல்ல நின்னப்ப, என் பொண்டாட்டி அதைச் சொல்லித்தான் என்னை உள்ள கூப்பிட்டா. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்க்கா."

விதோசவா ரிசீவரை வைத்தாள். அப்படி ஒரு வரியை அவள் எழுதவேயில்லை. அவள் கதைகள் முடிவதெல்லாம் பனி, நிலா, முத்தம் என்றுதான்.

மதியம் வீட்டுக்குப் போனபோது கவ்ரிலோ முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். நாற்காலி போட்டு ஏறி நாற்பத்தொரு புத்தகத்தையும் இறக்கினாள். தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தாள்.

முதல் இரண்டும் அவளுடையவை. ஒன்றில் சூரியன், ஒன்றில் நிலா. மூன்றாவதிலிருந்து ஆள் மாறிவிட்டார். 'அவள் உப்பு அதிகம் போட்டிருந்தாள். அவன் இரண்டாம் தட்டும் கேட்டு வாங்கினான்.' இதைப் படித்துத் தன்னையும் மீறிச் சிரித்துவிட்டாள். 'கோட்டு மாட்டும் ஆணி ஒன்றுதான் இருந்தது. அவன் சுத்தியலை எடுத்தான்.' பதினேழாவது புத்தகத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. 'மணப்பெண்ணின் இடது கையில் ஒரு பொத்தான் இல்லை. இருவருக்கும் அது தெரியும், இருவரும் சொல்லவில்லை.'

அவர்கள் கல்யாணத்தன்று அவள் உடுப்பின் இடது மணிக்கட்டில் ஒரு பொத்தான் அறுந்து போயிருந்தது. நாள் முழுக்கக் கையை மடக்கியே வைத்திருந்தாள். யாரும் பார்க்கவில்லை என்றுதான் இருபத்தேழு வருடமாக நினைத்திருந்தாள்.

கவ்ரிலோ உள்ளே வந்தார். தரையில் பரப்பிக் கிடந்த புத்தகங்களைப் பார்த்ததுமே வாசற்படியில் நின்றுவிட்டார்.

"உள்ள வாய்யா, எழுத்தாளரே" என்றாள் அவள். "இதெல்லாம் யாரு எழுதினது?"

"உன் கையெழுத்து புரியலை, விதா."

"முப்பத்தொன்பது தடவையுமா?"

"மூணாவது கதையில கடைசித் தாள்ல காப்பி கொட்டிடுச்சு. நீ உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தே. தபாலுக்கு நேரமாச்சு. ஏதோ ஒண்ணு போட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லலை."

"நாலாவதுல என்ன கொட்டிச்சு?"

கவ்ரிலோ நல்ல கையால் பின்கழுத்தைத் தடவினார். "நீ அவங்களைக் கட்டிப்பிடிக்க வச்சுட்டு, சூரியன்கிட்ட ஒப்படைச்சுட்டு எழுந்து போயிடறே. நூறு பக்கம் அவங்களோட வந்திருக்கேன், எனக்கு மனசு கேக்கலை. மறுநாள் காலையில என்ன பண்ணுவாங்க? சூப்பு யாரு வைப்பா? யாரு எந்த நாற்காலியில உக்காருவா? அதைத்தான் போட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்கணும். தப்புதான்."

தப்புதான் என்று உடனே ஒத்துக்கொள்கிறவரோடு எவ்வளவு நேரம்தான் சண்டை போட முடியும்? ஆனாலும் ஆத்திரம் ஆறவில்லை. தன் வீட்டில் இத்தனை நாளாக வேறொருவர் விளக்கணைத்து வந்திருக்கிறார் என்பது போலிருந்தது. அதே நெஞ்சில் அந்தப் பொத்தானும் கிடந்து குறுகுறுத்தது. எதற்கு எந்த முகத்தைக் காட்டுவதென்று தெரியாமல் அவள் புத்தகங்களை அடுக்கினாள்.

"சரி. இப்ப ஸ்தானாவுக்கு ஒரு வரி சொல்லு."

"வராது, விதா. தட்டிக்கிட்டே கூடப் போனாத்தான் வரும். இந்தத் தடவை கடைசி வரைக்கும் நான் கூடப் போகலையே."

இரண்டு நாள் அவள் உட்கார்ந்து எழுதினாள். லாசாருக்கு ஆணி அடிக்கக் கொடுத்தாள், சூப்புக் கொடுத்தாள். எல்லாம் கவ்ரிலோவின் பழைய சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டது போலிருந்தது. பதினொரு தாள் அடுப்புக்குப் போயிற்று. கவ்ரிலோ பக்கத்திலேயே வரவில்லை. இடது கையால் காப்பி போட்டு, பாதியைத் தட்டில் சிந்தி, மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

வெள்ளிக்கிழமை மதியம் வெயில் கொளுத்தியது. ஊரே சன்னலை அடைத்துக்கொண்டு சாய்ந்திருந்தது. விதோசவாவும் போய்க் கட்டிலில் விழுந்தாள். கண்ணயர்ந்தபோது, பக்கத்தில் கிடந்த கவ்ரிலோவின் மாவுக்கட்டு விலாவில் இடித்தது.

"தள்ளிப் படு விதா. கை வைக்க இடமில்லை."

"தள்ளித்தான் படுத்திருக்கேன்."

"நடுவுல படுத்திருக்கே. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாளா பாக்கறேன், மகாராணி மாதிரி நடுக்கட்டில்ல. நான் சுவத்துல ஒட்டிக்கிட்டுக் கிடக்கேன்."

கண்ணைத் திறந்து பார்த்தாள். உண்மைதான். அவர் இல்லாத பத்து நாளில் உடம்பு தானாக நடுவுக்கு வந்துவிட்டிருந்தது. அந்த நாட்களில் கட்டில் எத்தனை அகலமாய் இருந்தது, அந்த அகலத்தில் எவ்வளவு குறைவாகத் தூங்கினாள் என்பதெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. நாற்பத்தேழு வயது வரை ஸ்தானாவும் நடுவில்தானே படுத்திருப்பாள்?

செருப்புக்கூடப் போடாமல் எழுந்து போனாள். இரண்டு விரலால் ஒரே வரியைத் தட்டினாள். தாளை உருவிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

'அன்றிலிருந்து ஸ்தானா மிகுந்த மகிழ்ச்சியோடு கட்டிலின் ஓரத்தில் படுக்கக் கற்றுக்கொண்டாள்.'

கவ்ரிலோ வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கைச் சுட்டுவிரலை 'மிகுந்த மகிழ்ச்சியோடு' மேல் வைத்து மறைத்தார். அவள் இன்னொரு முறை படித்துப் பார்த்தாள்.

"பேசாம படு" என்றாள். ஆனால் அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிட்டுத்தான் திஹோமிரைக் கூப்பிட்டாள். அவன் மறுமுனையில் அந்த வரியைத் தானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். பிறகு, "அக்கா, கையைக் குடுங்க" என்றான்.

இலையுதிர் காலத்தில் புத்தகம் வந்தது. பெயர் தெரிந்த பிறகு ஊர் இரண்டு வாரம் மருந்துக் கடையில் தேவையில்லாத மாத்திரையெல்லாம் வாங்கியது. ஒரு நாள், யாரோடும் சிரித்துப் பேசாத ஓர் அம்மாள் தலைவலி மாத்திரை வாங்க வந்தாள். பையை மூடிவிட்டு, போகாமல் நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர் போயி ஒம்பது வருஷம் ஆச்சு" என்றாள். "நான் இன்னும் ஓரத்துலதான் படுக்கறேன்."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

விதோசவா வீட்டுக்கு வந்து இதை அப்படியே கவ்ரிலோவிடம் சொன்னாள். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா பேரு என்ன?"

"கேக்கலை."

"கேட்டிருக்கலாம்" என்றார் கவ்ரிலோ. அன்று சாயங்காலம் இருவரும் மேல் அங்கியை மாட்டிக்கொண்டு, ஒரு புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, அவள் வீடு எதுவென்று விசாரிக்கக் கிளம்பினார்கள்.