மந்திரித்த வண்டி

பெரிய வண்டி இருந்தால் அப்பா பத்திரமாக இருப்பார் என்று கனடாவில் உட்கார்ந்துகொண்டே என் மகன் ஸ்டீவ் முடிவு செய்துவிட்டான். எழுபத்து மூன்று வயதில் சின்னக் கார் ஓட்டுவது ஆபத்தாம். யாராவது வந்து இடித்தால் அப்பளமாக நொறுங்கிவிடுமாம். அப்படியானால் நீயே வந்து ஓட்டு என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் தேவதாஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. இருபது வருடம் ஓட்டிய சின்னக் காரில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று அவர் சொல்லாத ஆள் சிங்காநல்லூரில் கிடையாது. அந்தப் பெருமைதான் மனிதருக்கு மிச்சம். அந்தக் காரை விற்றுவிட்டு, என் நெஞ்சு உயரத்துக்கு பானெட் வைத்த இந்த வண்டியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலில் வண்டியை மந்திரித்தோம். சாமியார் ஜெபம் சொல்லி நாலு பக்கமும் தீர்த்தம் தெளித்தார். சூழ்ந்து நின்ற பிள்ளைகளுக்கு என் வீட்டுக்காரர் சாக்லேட்டை வாரிக் கொடுத்தார். மந்திரித்த கையோடு வண்டியைக் கோவிலைச் சுற்றி ஒரு வட்டம் கொண்டுவருவது எங்கள் பங்குக் கோவிலில் வழக்கம். இவர் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீவுக்குப் படம் அனுப்பலாமென்று நான் முன்பக்க ஓரமாக நின்றேன்.

வண்டி மெல்ல நகர்ந்தது. அப்போதுதான் பார்த்தேன். பம்பருக்கு மூன்றடி முன்னால் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, ஐந்து வயது ஆஷ்லி, குந்தி உட்கார்ந்து, கீழே சிந்திய சாக்லேட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பானெட்டில் ஓங்கித் தட்டினேன். வண்டி நகர்ந்துகொண்டேயிருந்தது. மறுபடி தட்டினேன். நின்றது. ஆஷ்லியின் முதுகுக்கும் பம்பருக்கும் ஒரு சாண் இடைவெளி. அவள் ஒன்றும் அறியாமல் எழுந்து ஓடிவிட்டாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

"போட்டோவுக்கு நிக்கோணுமா, ரூத்?" என்று இவர் கண்ணாடியை இறக்கிச் சிரித்தார். படம் எடுக்காமல் போனைப் பைக்குள் போட்டேன். ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் குளத்தருகே வந்ததும்தான் வாய் வந்தது. "ஏனுங்க, ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினார். நடந்ததைச் சொன்னேன்.

"சும்மா இரு. புள்ளெ இருந்திருந்தா எனக்குத் தெரியாதா? போன மாசந்தான் கண் டாக்டர் நல்லா இருக்குதுன்னு சொன்னாரு."

"கண்ணைக் குத்தம் சொல்லலைங்க. அப்படியே உக்காந்து பாருங்க."

கோபத்தோடு இறங்கிப் போய் பம்பருக்கு முன்னால் மூன்றடி தள்ளிக் குந்தினேன். முட்டி வலித்தது. "நான் தெரியறனுங்களா?"

மேலிருந்து அவர் குரல் கேட்டது. "எங்கிருக்கறே?"

"அந்தப் புள்ளெ இருந்த எடத்துலதானுங்க."

கதவு திறந்தது. வந்து என்னைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார். கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"பழைய வண்டியா இருந்தா தலையாச்சும் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்குமுங்க. ஆனா நான் ரெண்டு தட்டுத் தட்டினேன். நாப்பது வயசுல மொதத் தட்டுக்கே நின்னிருப்பீங்க."

சொன்ன பிறகு பாவமாக இருந்தது. அவர் மறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பக்கத்து வீட்டு சுரேந்தரை அழைத்தார். டாக்சி ஓட்டுகிற பையன், இவர் பெருமையெல்லாம் அவனுக்கு மனப்பாடம். டயர் பஞ்சர் என்றோ, முட்டி வலி என்றோ ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். நானும் அதற்கு ஒத்து ஊதத் தயாராகத்தான் இருந்தேன்.

"குளத்துக்கிட்ட வந்து வண்டிய எடுத்துட்டுப் போ, கண்ணு."

"ஏனுங்கய்யா, வண்டி ரிப்பேருங்களா?"

"வண்டி நல்லாத்தான் இருக்குது. கோவில்ல ஒரு புள்ளெ மேல தெரியாம ஏத்தியிருப்பேன்."