வண்டி வந்த சத்தம்

பேட்டரி வண்டி விற்கும் கடையின் முற்றத்து நடுவில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, வண்டிகளுக்கு முதுகைக் காட்டி மனைவியை உட்கார வைத்தார் லாமர். அவள் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னார்: "திரும்பிப் பாக்கக் கூடாது வெர்னா. வண்டி வர்ற சத்தம் கேட்டா கையத் தூக்கு. இன்னிக்கு நீதான் மான்."

"மானுக்கு எவனும் நாற்காலி போட மாட்டான்," என்றாள் வெர்னா. ஆனாலும் உட்கார்ந்துகொண்டாள்.

முழங்கால் அறுவைசிகிச்சைக்குப் பிறகு பைன் காட்டோரத்து வேட்டைப் பரண் வரை லாமரால் நடக்க முடியவில்லை. பெட்ரோல் வண்டியில் போனால் சத்தமும் நாற்றமும் அடுத்த மாவட்டம் வரை மான்களை விரட்டிவிடும். ஆகவே கோல்ஃப் மைதானத்தில் ஓடுகிற பேட்டரி வண்டி. பின் இருக்கையில் பேரப்பிள்ளைகளைக் குளத்துக்கு அழைத்துப் போகலாம். மடக்கினால் அடித்த மானைக் கிடத்தலாம். எந்த பேட்டரி, எந்த டயர், எத்தனை மைல் என்று மூன்று மாதமாகக் குடைந்துகொண்டிருந்தார். இந்தப் படிப்பைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் மனுஷன் எங்கேயோ போயிருப்பார் என்பது வெர்னாவின் கட்சி.

அவர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. இருபத்தாறு வருஷம் பரணில் பக்கத்தில் உட்கார்ந்தவள், நாலு வருஷமாக வருவதில்லை. கால் சில்லிடுகிறது என்றாள். சின்ன ஹீட்டர் வாங்கினார். ஏணி செங்குத்து என்றாள், படிக்கட்டு வைத்தார். அதற்கப்புறம் கேட்பதை விட்டுவிட்டார். தன்னோடு உட்கார அவளுக்கு அலுத்துவிட்டதோ என்று மனதுக்குள் வலித்தது. வாசலில் ஏறிப் பரணடியில் இறங்குகிற வண்டி வந்துவிட்டால், அப்புறம் அவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

முற்றத்தின் கோடியிலிருந்து பச்சை வண்டியைக் கிளப்பினார். சரளைக்கல் லேசாக நெறுநெறுத்தது. இருபது அடி, பத்து அடி, கை நீட்டினால் தொடும் தூரம். வெர்னாவின் கை தூங்குகிற பூனை மாதிரி மடியிலேயே கிடந்தது. கடைக்காரர் கர்ட்டிஸைப் பார்த்து லாமர் கட்டைவிரலை உயர்த்தினார். வேகவைத்த நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்த கர்ட்டிஸ் சிரிக்கவில்லை.

இன்னொரு தடவை சோதிக்கலாம் என்று வண்டியைப் பின்பக்கமாக எடுத்தார். உடனே அது கீச்கீச்சென்று அலறியது. பின்னால் போகும்போது எச்சரிக்க வைத்திருக்கிற மணி. இதை எந்த விளம்பரத்திலும் அவர் படித்திருக்கவில்லை. கர்ட்டிஸின் நாய் தூக்கம் கலைந்து தலையைத் தூக்கியது. வெர்னாவோ சாலைக்கு அப்பால் பார்த்தபடி சட்டையில் ஒட்டிய நூலை எடுத்துக்கொண்டிருந்தாள்.

லாமர் வண்டியை நிறுத்தினார். கொஞ்ச நேரம் இறங்கத் தோன்றவில்லை. பிறகு நடந்து போய் அவள் எதிரே நின்றார். அவள் முதலில் அவர் முகத்தையும், பிறகு பின்னால் நின்ற வண்டியையும் பார்த்தாள்.

"எத்தன தடவ வந்த?"

"இப்பத்தான்..."

"புளுகாத லாமர். கர்ட்டிஸ் மூஞ்சியே சொல்லுது."

அவளே தொடர்ந்தாள். "எதிர்ல நின்னு பேசினா உதட்டப் பாத்து ஒப்பேத்திடுவேன். பரண்ல நீ குசுகுசுன்னு காதுல சொல்லுவ. எனக்கு மூச்சுக்காத்து மட்டுந்தான் வரும். தலையாட்டி வைப்பேன். கடைசியா வந்தேனே, அன்னிக்கும் நீ ஏதோ கேட்ட. ஆட்டினேன். உடனே சுட்டுட்ட. கூடத்துல தலைய மாட்டியிருக்கியே, அந்த மான்தான். நான் எதுக்குத் தலையாட்டினேன்னே தெரியல. அதோட வர பயந்துட்டேன்."

லாமருக்கு அந்த அந்தி நேரம் அப்படியே கண்முன் வந்தது. வேலியோரம் நின்ற மான். வேலிக்கு அப்பால், மாடுகளை ஓட்டிப்போகப் பக்கத்து நிலத்துக்காரர் டாட்சன் தினமும் வருகிற மேய்ச்சல் நிலம்.

"என்னதான் கேட்ட?" என்றாள்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தார். "மானுக்குப் பின்னால ஆள் யாரும் இல்லையேன்னு கேட்டேன்."

வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு வருஷமாக அந்த மானைக் காட்டி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தவர் லாமர்.

பிறகு அவள் எழுந்து வண்டியின் முன் இருக்கையில் ஏறினாள். "இனிமே காதுல கேக்காத. உன் முட்டில கைய வச்சுக்கறேன். ஒரு தட்டு தட்டினா சுடலாம். ரெண்டு தட்டினா பின்னால ஆளு."

"அப்ப வர்றியா?"

"ஓட்டு, பாக்கலாம்."

கடையைச் சுற்றி ஓட்டினார். பின்புற வேலியோரம், அம்பு விட்டுப் பழகும் ரப்பர் மான் ஒன்று கொம்பை நிமிர்த்தி நின்றது. லாமருக்கு அந்தக் கொம்புதான் கண்ணில் பட்டது. அறுவைசிகிச்சை செய்த முழங்காலில், வலிக்காமல், ஒரு தட்டு விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

அவர் வண்டியை நிறுத்திவிட்டுத் தேடினார். மானுக்குப் பின்னால், நாய்க்குத் தண்ணீர் வைக்கக் குனிந்திருந்த கர்ட்டிஸின் தொப்பி மெல்ல நிமிர்ந்தது.