மாட்டுப் பொங்கலன்று காருக்கு வெந்நீர்

'டக்' என்று ஒரு சத்தம். பாயில் படுத்திருந்த லோகநாதன் எழுந்து வாசலுக்கு ஓடினான்.

தைப் பனி இன்னும் விலகவில்லை. வேப்ப மரத்தடியில் நின்ற அவனுடைய வாடகைக் காரைச் சுற்றி ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்த ஆவிக்கு நடுவே அவன் மனைவி நாகவல்லி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் சொம்போடு நின்றாள். காரின் முன்கண்ணாடியில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"இன்னாமே பண்ணே?"

"குளிப்பாட்டினேன்."

"வெந்நீர்லியா?"

"பின்னே? ராத்திரி பூரா பனியில நின்னுகினு கீது. பச்சத் தண்ணிய ஊத்தினா சிலுத்துக்காது? எங்க நைனா மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைக் கழுவறப்போ வெந்நீர் வெளாவித்தான் ஊத்துவாரு."

"இது மாடாமே?"

"மாட்ட வித்துட்டுத்தானே மச்சான் இத்த வாங்கினே? அப்போ இதான் மாடு."

அவள் சொன்னது உண்மைதான். கல்யாணத்துக்குச் சீராக வந்த ஜோடிக் காளைகளை விற்றுவிட்டுத்தான், ஒரு வெள்ளைக்கார டாக்டர் கழித்துக் கட்டிய இந்தக் காரை அவன் வாங்கினான். செய்தி குத்தம்பாக்கத்துக்குப் போனதும் மாமனார் கன்னியப்பன் கொதித்துப் போனார். "என் மாட்டை வித்தவன் ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றார். இரண்டு பொங்கல் போய்விட்டது, அவர் பூந்தமல்லிப் பக்கமே வரவில்லை. மருமகனைப் பற்றிப் பேச நேர்ந்தால் 'மாப்பிள்ளை' என்று சொல்வதில்லை. 'அந்த டிரைவரு' என்பார்.

போன வாரம் நாகவல்லி தாய்வீட்டுக்குப் போய், ஒரு வேளை சாப்பிடாமல் அழுது, ஒரு வாக்கு வாங்கி வந்தாள். "மாட்டுப் பொங்கலன்னிக்கு நசரத்பேட்டை புளியமரம் வரைக்கும் நடந்து வரேன். அங்க டிரைவரு காரைக் கொண்டாரட்டும். வெயில் ஏறியும் வரலேன்னா திரும்பிப் போய்க்கினே இருப்பேன்."

அந்த நாள் இன்றுதான்.

பனிக்காலத்தில் கார் கழுவுவதற்கு லோகநாதன் ஒரு முறை வைத்திருந்தான். வெயில் பட்டுக் கண்ணாடியின் சில்லிப்பு விட்ட பிறகே தண்ணீரைத் தொடுவான். கிணற்றிலிருந்து இறைத்த கையோடு ஊற்றுவான். தை மாதத்துக் காலையில் கிணற்று நீரே வெதுவெதுப்பாக இருக்கும். பானெட்டுக்குள் ஒரு சொட்டுப் போக விடமாட்டான். கடைசியில் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கோயில் தெருவை ஊர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வருவான். ஈரப் பிரேக் பிடிக்காது, அது காய வேண்டும். பக்கத்து வீட்டுத் தையற்கார கலீலுல்லா பாய் அதற்கு 'ஊர்கோலம்' என்று பெயர் வைத்திருந்தார். புருஷன் ஊருக்குக் காரைக் காட்டத்தான் சுற்றுகிறான் என்று நாகவல்லி நினைத்திருந்தாள்.

லோகநாதன் எஞ்சினைக் கிளப்பக் காரின் முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். கார் கிளம்பவில்லை. பானெட்டைத் திறந்தால் உள்ளே எல்லாம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இங்கியுமா ஊத்தினே?"

"மூஞ்சி கழுவாம எப்டி?"

கத்துவதற்காக நிமிர்ந்தவன் அப்படியே நின்றான். முன்விளக்குகள் இரண்டுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. விளக்கின் விளிம்புகளில் கொம்புக்குப் பூசுகிற வர்ணம், ஒன்றில் நீலம், ஒன்றில் சிவப்பு. குறுக்கே சாமந்தி மாலை. அவள் விரல்களிலும் அதே நீலம், கண்ணில் தண்ணீர்.

"நைனா பார்த்தா மனசு எறங்குவாருன்னு..."

"சரி, அழாதே. அடுப்பு எரியுதா? தோசைக்கல்லப் போடு."

"பசிக்குதா மச்சான்?"

"எனக்கில்லமே. இதுக்கு."

நனைந்த ப்ளக்குகளைக் கழற்றி அவள் முந்தானையில் போட்டான். நாகவல்லி அவற்றைத் தோசைக்கல்லில் அடுக்கி, கரண்டியால் திருப்பித் திருப்பிச் சுட்டாள். அதற்குள் அவன் பானெட்டுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு ஒயரையும் துடைத்தான். எட்டிப் பார்த்தவள் அலறினாள். "ஐயோ, புது வேட்டி!"

"உன் மாட்டுக்குத்தான் தொடைக்கிறேன், போமே."

சூடு ஆறாத ப்ளக்குகளை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றியதும் கார் இருமியது, செருமியது, பிறகு உறுமியது. வெயில் கூரைக்கு மேலே வந்துவிட்டது. நாகவல்லி பின்சீட்டில் தாவி ஏறினாள்.

வாசலில் நின்ற கலீலுல்லா பாய் கையைத் தட்டினார். "இன்னா லோகநாதா, இன்னிக்கு ஊர்கோலம் இல்லியா?"

"நேரமில்ல பாய்!"

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு டிரங்க் ரோட்டில் பறந்தது.

நசரத்பேட்டைப் புளியமரத்தடியில் கன்னியப்பன் நின்றிருந்தார். தோளில் கரும்புக் கட்டு, அக்குளில் குடை. கார் வருவதைக் கண்டதும் கைகளைக் கட்டிக்கொண்டு முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். இறங்கி வந்து கூப்பிடட்டும் என்ற வீறாப்பு.

லோகநாதன் பிரேக்கை மிதித்தான். கார் நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்தான். அதுவும் பிடிக்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு ஊர்கோலம் ஞாபகம் வந்தது.

"நைனா!" என்று நாகவல்லி கத்த, கார் மாமனாரைத் தாண்டிப் போயே விட்டது.

கன்னியப்பன் திரும்பிப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துப் பழி வாங்குகிறான் என்று நினைத்தாரோ என்னவோ, கட்டியிருந்த கைகள் தாமாக அவிழ்ந்தன. குடை ஒரு பக்கம் விழுந்தது. கரும்புக் கட்டோடு ரோட்டில் ஓட ஆரம்பித்தார்.

"நில்லுங்க! மாப்ளே! நில்லுங்க மாப்ளே!"

லோகநாதன் கியரைக் குறைத்துப் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தான். ஈரம் காய்ந்து, தேய்ந்து, கடைசியில் ஒரு முனகலோடு கார் நின்றது.  லோகநாதன் காதில் 'மாப்ளே' என்ற அந்த ஒரு வார்த்தைதான் ஒலித்துக்கொண்டிருந்தது.

கன்னியப்பன் மூச்சிரைக்க வந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"உட்டுட்டுப் போறீங்களா மாப்ளே? நான் மொறச்சிக்கினு நின்னா நீங்களும் மொறச்சிக்கறதா?"

"ஐயோ, இல்ல மாமா! பிரேக்கு ஈரம். பிடிக்கல."

அப்போதுதான் அவர் காரைப் பார்த்தார். மஞ்சள், குங்குமம், சாமந்தி, நீலமும் சிவப்புமாக இரண்டு விளக்குகள். கடைசியாகக் கண்ணாடி.

"இத்த யாரு ஒடச்சது?"

"கல்லு பட்டுச்சி மாமா" என்றான் லோகநாதன்.

"பொய்யி நைனா" என்றாள் நாகவல்லி. "நான்தான் வெந்நீர் ஊத்தினேன். பனியில நிக்கிற மாட்டுக்கு வெந்நீர்தான்னு நீதானே சொல்லுவே?"

கன்னியப்பன் மகளின் நீல விரல்களைப் பார்த்தார். மருமகனின் கரி படிந்த புது வேட்டியைப் பார்த்தார். மீசைக்குள் தொடங்கிய சிரிப்பு வயிறு குலுங்கும்வரை போயிற்று.

"அப்போ ஒடச்சது நான்தான்!"

அவர் முன்சீட்டில் ஏறிக் கரும்புக் கட்டை மடியில் நிறுத்தினார். காளையின் விலாவில் தட்டுவதுபோல் கதவில் தட்டினார்.

"சாயங்காலம் ரெண்டு பேரும் குத்தம்பாக்கம் வந்துடுங்க. மாட்டுக்குப் பொங்கல் ஊட்டறப்போ இதுக்கும் ஒரு வாய் ஊட்டணும். வாயி எங்கமே கீது இதுக்கு?"

"எனக்கு ஊட்டுங்க மாமா, அதுக்குப் போய்ச் சேந்துடும்" என்றான் லோகநாதன்.

"ஊட்டறேன், ஊட்டறேன். மொதல்ல குடையைப் பொறுக்கிக்கினு மெதுவாப் போங்க மாப்ளே."

லோகநாதன் பிரேக்கை மிதித்து மிதித்து, ஊர்ந்தே பூந்தமல்லிக்கு வந்தான். கோயில் தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றினான். முன்சீட்டில் கரும்போடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த கன்னியப்பனைக் கண்டு, கலீலுல்லா பாய் தைத்துக்கொண்டிருந்த துணியோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

"நாகவல்லி! இன்னிக்கு ஊர்கோலத்துல சாமி கூட கீதே!"